சொன்னதைக் கேட்பவர்

மாகாண அரசின் சமூக நலப் பிரிவில் கமாக்கா என்றால் எல்லாருக்கும் மரியாதை உண்டு, கூடவே கொஞ்சம் கிலியும் உண்டு. ஒப்பந்தம் எழுதுவது அவள் வேலை. பதினோரு வருஷமாக எழுதுகிறாள். ஒருமுறை இயக்குநரே கையெழுத்துப் போட்டு அனுப்பிய கோப்பை, 'மூன்றாம் வரியில் ஒரு கமா விட்டுப்போயிருக்கிறது' என்று சீட்டு ஒட்டி மேலே திருப்பி அனுப்பிவிட்டாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் இது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவளே ஒரு நொடி யோசித்துத்தான் திரும்புவாள்.

சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரி. அவள் எழுதிய ஒப்பந்தத்தில் ஓட்டை கண்டுபிடித்தேன் என்று இதுவரை ஒருத்தரும் வந்ததில்லை. அப்படிப்பட்டவள் மேஜைக்குத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை சரிபார்ப்புப் பிரிவிலிருந்து ஒரு கடிதம் வந்து சேர்ந்தது.

விஷயம் இதுதான். அந்த வருஷம் மாகாண அரசு 'பத்தில் ஒருவர்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்திருந்தது. அரசுக்கு வேலை செய்து தருகிற எந்த நிறுவனமும் பத்துப் பேரில் ஒருவரையாவது, யாரும் வேலைக்குக் கூப்பிடாத ஆட்களிலிருந்து எடுக்க வேண்டும். கண் தெரியாதவர், காது கேளாதவர், சிறையிலிருந்து வந்தவர், இருக்க வீடில்லாதவர், இப்படி. ஆளைத் தேடிப் பழக்கி அனுப்புவது அரசின் பொறுப்பு, வேலை தருவது நிறுவனத்தின் பொறுப்பு. தொண்ணூறு நாள் பார்த்துவிட்டு நிரந்தரமாக்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரிகளின் துணிகளை வெளுக்கிற பெரிய சலவைக்கூடம்தான் முதலில் கையெழுத்துப் போட்டது. திட்டத்தில் முதலில் வேலைக்குப் போனவள் காது கேளாத ஒரு பெண். தொண்ணூறு நாள் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

கடிதம் இப்படிச் சொன்னது: 'ஏழாம் நிபந்தனைப்படி பணியாளர், மேற்பார்வையாளர் சொல்வதைக் கேட்டு வேலை செய்பவராக இருத்தல் வேண்டும். இவர் காது கேளாதவர். எனவே நிபந்தனை நிறைவேறவில்லை. நிரந்தரமாக்க இயலாது.'

கமாக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. எந்த மடையன் இப்படி ஒரு நிபந்தனையை எழுதி வைத்தான் என்று ஒப்பந்தத்தைப் புரட்டினாள். கடைசிப் பக்கத்தில் 'தயாரித்தவர்' என்ற இடத்தில் அவளுடைய கையெழுத்தே இருந்தது. பழைய படிவத்திலிருந்து அந்த வரியை அப்படியே எடுத்துப் போட்டவள் அவள்தான். அதில் கமா சரியாக இருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

வியாழக்கிழமை அரசும் கூட்டாளி நிறுவனங்களும் கூடுகிற கூட்டம். அதை விட்டால் மூன்று மாதம் கழித்துத்தான் அடுத்தது. அதற்குள் அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு தடவை வெளியே போனவளை மறுபடி யார் உள்ளே விடப்போகிறார்கள்?

கைப்பையை எடுத்துக்கொண்டு நேரே சலவைக்கூடத்துக்குக் கிளம்பினாள்.

உள்ளே நுழைந்ததும் சூடும் சோப்பு வாசனையும் முகத்தில் அடித்தன. ஒரு பக்கம் ஆள் உயரத்துக்குத் துவைக்கிற மெஷின்கள். நடுவில் நீளமான உருளை மெஷின். ஈர விரிப்பை இந்தப் பக்கம் இரண்டு பேர் பிடித்து ஊட்டினால், சூடான உருளைகளுக்கு நடுவே போய் அந்தப் பக்கம் தேய்த்து வெளியே வரும். அந்தப் பக்கம் நின்று மடிக்கிறவள்தான் அந்தப் பெண். அவள் மடித்த விரிப்புகளை அடுக்கினால் ஓரம் ஒன்றுகூடப் பிசகாது. அதனால் கூடத்தில் எல்லாருக்கும் அவள் 'மடிப்பு'.

ஃபோர்மேன் ஓடி வந்தார். அந்த மனிதருக்குத் தொண்டை ஒன்றுதான் சொத்து. ஆறு மெஷின் சேர்ந்து போடுகிற சத்தத்தை ஒற்றை ஆளாக அமுக்கிவிடுவார். கூடத்தில் வேலை செய்கிற பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ஸ்பீக்கர்.

"மேடம், என்ன அநியாயம் இது! நல்லா வேலை செய்யற பொண்ணைப் போகச் சொல்றதா?" என்றார்.

"மெதுவாப் பேசுங்க சார், பக்கத்துலதானே நிக்கறேன்."

"இதுதான் மேடம் என் மெதுவே. மொதல்ல நானும் வேணாம்னுதான் சொன்னேன், ஒத்துக்கறேன். என் தொண்டைக்கு வேலையில்லாத ஆளை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றதுன்னு கேட்டேன். இப்பப் பாருங்க." அவர் கையை ஆட்டி மடிப்பிடம் ஏதோ காட்டினார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்ன சொன்னீங்க?"

"டீ குடிச்சியான்னு கேட்டேன். அவ சிரிக்கறதப் பாத்தா வேற என்னமோ கேட்டிருக்கேன் போல. பன்னெண்டு சைகை கத்துக்கிட்டேன் மேடம். அதுல நாலு தப்பு."

மடிப்பு முப்பதை நெருங்குகிறவள். குள்ளம், சுறுசுறுப்பு, எதிரில் இருப்பவரின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காதவள். இடைவேளையில் அவளுடைய அக்கா வந்து சேர்ந்தாள். அக்கா பஸ் கண்டக்டர். பை தோளில் இருக்க, சீருடையோடு வந்திருந்தாள். ஃபோர்மேன்தான் போன் போட்டு வரச் சொல்லியிருந்தார்.

"இவளுக்கு இது அஞ்சாவது இடங்க," என்றாள் கண்டக்டர். "நாலு இடத்துல வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. இங்கதான் உள்ள வந்து நின்னா. இதுவும் போச்சுன்னா இனிமே எங்கயும் போக மாட்டேன்னு சொல்லிட்டா. அவ சொன்னா சொன்னதுதான், அப்படி ஒரு பிடிவாதம்."

கமாக்காவால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. 'நான் பார்த்துக்கறேன்' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் அவளுக்கு அந்த யோசனை பளிச்சென்று வந்தது. முன் சீட்டில் ஒரு அம்மா தன் மகளிடம் புலம்பிக்கொண்டிருந்தாள்: "நான் சொல்றத இந்த வீட்ல யாரு கேக்கறா?" அட! கமாக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பேச்சைக் கேட்பது என்றால் காதால் கேட்பதா? சொன்னபடி நடப்பது அல்லவா! வரியை மாற்றவே வேண்டாம். இதுதான் அர்த்தம் என்று ஒரு விளக்கக் குறிப்பு போட்டால் போதும். பெண்ணுக்கு வேலை கிடைத்துவிடும். ஒப்பந்தத்தில் பிழை என்ற பேச்சுக்கே இடமிருக்காது. உண்மையைச் சொல்லிவிடுகிறேனே, அந்த இரண்டாவது விஷயமும் அவளுக்கு இனித்தது. இரண்டு மாதத்தில் பதவி உயர்வு வரவேண்டியிருந்தது.

வியாழக்கிழமை கூட்டத்தில் அவள் வெளுத்துக் கட்டினாள். நீள மேஜையின் ஒரு முனையில் இயக்குநர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சட்ட ஆலோசகர், மெலிந்த மனிதர், சட்டத்தில் இல்லாத எதற்கும் வாய் திறக்காதவர். இந்தப் பக்கம் கூட்டாளி நிறுவனங்களின் ஆட்கள். யாரும் கூப்பிடாமலே ஃபோர்மேன் மடிப்பையும் அவள் அக்காவையும் கூட்டிவந்து கடைசி நாற்காலிகளில் உட்கார வைத்திருந்தார். அக்கா சத்தமில்லாமல் கையாலேயே எல்லாவற்றையும் தங்கைக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஐயா, ஒரே ஒரு கேள்வி," என்றாள் கமாக்கா சட்ட ஆலோசகரைப் பார்த்து. "உங்க பையன் உங்க பேச்சைக் கேக்கறானா?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"கேக்கறானா, இல்லையா?"

"எங்க கேக்கறான்!" மனிதர் அடிமனதிலிருந்து பெருமூச்சு விட்டார்.

"காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனீங்களா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இயக்குநர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சட்ட ஆலோசகரின் உதடுகூட ஒரு பக்கம் கோணியது. கமாக்கா விளக்கினாள். சொல்வதைக் கேட்டு வேலை செய்வது என்றால் சொன்னபடி வேலை செய்வது. இந்தப் பெண் சொன்னபடி செய்கிறாள் என்று ஃபோர்மேனே எழுதிக் கொடுத்திருக்கிறார். எனவே நிபந்தனை நிறைவேறிவிட்டது.

"அதுவும் சரிதான்," என்றார் சட்ட ஆலோசகர். "குறிப்பு ஒண்ணு போட்டாப் போதும்."

இயக்குநர் பேனாவின் மூடியைத் திறந்தார். கமாக்காவுக்கு மனசு நிறைந்துபோயிற்று. அப்போதுதான் கடைசி நாற்காலியில் ஒரு கை உயர்ந்தது.

மடிப்பு எழுந்து நின்றிருந்தாள். கைகள் வேகமாக அசைந்தன. அக்கா அவள் கையைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தாள். அவள் உதறிவிட்டு மறுபடி சொன்னாள்.

"என்னம்மா சொல்றாங்க?" என்றார் இயக்குநர்.

கண்டக்டரும் எழுந்து நின்றாள். "அது பொய்யாம் சார். அவ சொன்னபடி கேக்கறவ இல்லையாம்."

ஃபோர்மேனின் முகத்தில் ஈயாடவில்லை.

"போன மாசம் உருளை மெஷின் ஓடிட்டு இருந்தப்ப," கண்டக்டர் தங்கையின் கையைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள், "தரையில கால் வழியா என்னமோ இடிக்கற மாதிரி இருந்துச்சாம். சிவப்பு பட்டனை அமுக்கி நிறுத்திட்டாளாம். ஃபோர்மேன் சார் வந்து ஓட்டு ஓட்டுன்னு கத்தினாராம், கையைக் காட்டினாராம். அவர் சொல்றது நல்லாப் புரிஞ்சுதாம். ஆனா கேக்கலையாம். பட்டன் மேலயே கையை வெச்சுக்கிட்டு நின்னாளாம்."

"உண்மையா?" என்றார் இயக்குநர்.

ஃபோர்மேன் எழுந்தார். அன்றைக்குத்தான் அந்த மனிதரின் குரல் முதல்முறையாகத் தாழ்ந்து வந்தது. "உண்மை சார். எனக்கு ஒண்ணும் கேக்கலை, அந்த இரைச்சல்ல யாருக்குக் கேக்கும்? அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டிய துணி மலை மாதிரி கெடந்துச்சு. கண்டபடி திட்டினேன். அப்புறம் மெஷினைத் திறந்தா உள்ள ஒரு பேரிங் உடைஞ்சிருக்கு. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தா உருளை சரிஞ்சிருக்கும். ரெண்டு பொண்ணுங்க அந்தப் பக்கம் கையை விட்டு ஊட்டிட்டு இருந்தாங்க. அவங்க கை இன்னிக்கு முழுசா இருக்குன்னா இவளாலதான். நான் எழுதிக் கொடுத்ததுல இதைச் சொல்லலை. திட்டினது வெளிய வரக் கூடாதுன்னு."

மடிப்பின் கைகள் இன்னும் நிற்கவில்லை.

"நாளைக்கு வேற ஃபோர்மேன் வருவாராம்," என்றாள் கண்டக்டர். "இந்தக் குறிப்பைக் காட்டி, சொன்னதைக் கேக்கலை, வெளிய போம்பாராம். அடங்கி நடக்கறவன்னு பொய் எழுதிக் கிடைக்கிற வேலை அவளுக்கு வேண்டாமாம்." அவள் நிறுத்தினாள். தங்கை அவள் தோளைத் தட்டி, கடைசியாகச் சொன்னதையும் சொல்லச் சொன்னாள். "இன்னொண்ணு. இந்த வரியை எழுதறப்ப எங்கள்ல ஒருத்தரையாவது கேட்டீங்களான்னு கேக்கறா."

கமாக்காவுக்குக் காது சுட்டது. யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. இன்றைக்கும் கேட்கவில்லை. இந்தப் பெண்ணுக்காகப் பேசுகிறேன் என்று எழுந்து, அவளை வைத்து ஜோக் அடித்து, எல்லாரையும் சிரிக்க வைத்து, தன் பெயரையும் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தாள். வேலை போகும் நிலையில் நிற்கிற ஒருத்தி, கையில் வந்து விழுந்த வேலையையே பொய்யென்றால் வேண்டாம் என்கிறாள். அவளுக்கு முன்னால் தன் கெட்டிக்காரத்தனம் எத்தனை சின்னது என்று கமாக்காவுக்கு வெட்கமாக இருந்தது.

"வரியை மாத்திடலாம் சார்," என்றாள்.

சட்ட ஆலோசகர் தொண்டையைச் செருமினார். "மாத்தலாம். கூட்டாளிகள் எல்லாரும் இங்க இருக்காங்க, இன்னிக்கே முடியும். ஆனா திருத்தம்னா பிழை யாரால வந்துதுன்னு பதிவு செய்யணும். அது பணிப் பதிவேட்டுக்குப் போகும்." அவர் கமாக்காவைப் பார்க்காமல் சொன்னார். நல்ல மனிதர்தான். "உங்க பதவி உயர்வு வர்ற நேரம். விளக்கக் குறிப்பு போட்டா அந்தப் பிரச்சினை இல்லை. யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்காம பழைய படிவத்தைப் பாத்து எழுதினதாலதான் சார் இவ்வளவும்," என்றாள் கமாக்கா. "பிழை என்னோடதுன்னு போடுங்க."

புது வரி எழுத முக்கால் மணி நேரம் ஆயிற்று. கமாக்கா தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மடிப்புக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள். எழுதியதைக் காட்டினாள். மடிப்பு படித்துவிட்டுத் தலையை ஆட்டி, வரியைக் கோடு போட்டு அடித்தாள். கமாக்கா மறுபடி எழுதினாள். மறுபடி அடி. பதினோரு வருஷத்தில் அவள் எழுத்தில் கை வைத்த முதல் ஆள் அந்தப் பெண்தான். கடைசியில் இப்படி வந்தது: 'வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதை மேற்பார்வையாளரும் பணியாளரும் ஒருவருக்கொருவர் விளங்கும்படி சொல்லிக்கொள்ள வேண்டும். ஆபத்து என்று கண்டால் எந்தப் பணியாளரும் வேலையை நிறுத்தலாம்.'

"ஒருவருக்கொருவர்னா?" ஃபோர்மேன் விழித்தார். "அப்ப நான் அந்த பாஷையை முழுசாக் கத்துக்கணுமா?"

"ஆமா சார், இனி அது அரசாணை," என்றாள் கண்டக்டர். "மொதல்ல அந்த நாலு தப்பையும் சரி பண்ணுங்க."

எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். மடிப்பு நிரந்தரம் என்று இயக்குநர் அறிவித்தார். அக்கா அழுதாள், ஃபோர்மேன் அதைவிட அதிகமாக அழுதார். மடிப்பு மட்டும் பழைய ஒப்பந்தத்தைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கமாக்காவின் அருகில் வந்து, கைப்பேசியில் தட்டி நீட்டினாள்.

'இந்த வரி எத்தனை வருஷமா இருக்கு? இதைக் காட்டி எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினீங்க?'

கமாக்கா அந்தப் பழைய ஒப்பந்தத்தை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை அவள் ஆவண அறையை விட்டு வெளியே வரவில்லை. திங்கள், செவ்வாயும் அங்கேதான். பழைய திட்டங்கள், பழைய விண்ணப்பங்கள், தூசி தும்மல். 'நிராகரிப்புக்கான காரணம்: ஏழாம் நிபந்தனை' என்று போட்ட காகிதம் ஒவ்வொன்றையும் பிரித்து எடுத்தாள். மொத்தம் இருபத்து மூன்று பேர். ஒவ்வொரு மறுப்புக் கடிதத்தின் அடியிலும் அவள் கையெழுத்து. கமா சரியா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டாளே தவிர, ஏழாம் நிபந்தனை என்ன சொல்கிறது என்று ஒருநாளும் புரட்டிப் பார்த்ததில்லை. பதவி உயர்வு ஒரு வருஷம் தள்ளிப்போகிறது என்ற கடிதம் நடுவில் வந்தது. படித்தாள், மேஜை டிராயரில் போட்டாள், மறுபடி ஆவண அறைக்குப் போய்விட்டாள்.

"எல்லாரையும் வேலைக்குக் கூப்பிட்டுக் கடிதம் போட்டுடலாமே," என்றார் இயக்குநர்.

"கடிதம் போட்டுத்தானே சார் துரத்தினோம்," என்றாள் கமாக்கா. "நேர்ல போறேன்."

சனிக்கிழமை காலை அவளும் மடிப்பும் புறப்பட்டார்கள். போகிற வழியெல்லாம் கமாக்கா இரண்டே வாக்கியங்களைக் கையால் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். மடிப்பு அவள் விரலைப் பிடித்துப் பிடித்துத் திருத்தினாள்.

முதல் விலாசம் ஒரு பழைய கட்டிடத்தின் மூன்றாவது மாடி. கதவருகில் இருந்த பொத்தானை மடிப்பு அமுக்கியதும் உள்ளே மணிக்குப் பதில் விளக்கு மின்னியது தெரிந்தது. நாற்பது வயதுக்காரர் ஒருவர் கதவைத் திறந்தார். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை கேட்டு ஒன்பது வருஷத்துக்கு முன்னால் விண்ணப்பித்தவர்.

கமாக்கா கைகளால் தட்டுத் தடுமாறித்தான் சொன்னாள். 'நான் எழுதியது தவறு. அதனால்தான் உங்களுக்கு வேலை கிடைக்கவில்லை.'

அவர் அவளையே பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார். கதவு திறந்தே கிடந்தது. இரண்டு பெண்களும் வாசலிலேயே நின்றார்கள். போய்விடலாமா என்று கமாக்கா திரும்பியபோது அவர் வந்தார். கையில் நான்காக மடித்த, ஓரம் நைந்த ஒரு காகிதம் இருந்தது. விரித்து, அடியில் இருந்த கையெழுத்தின் மேல் விரலை வைத்து, அவளைக் காட்டி, நீங்களா என்பதுபோல் பார்த்தார்.

கமாக்கா தலையசைத்தாள். அவள் கண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கவில்லை.

அவர் அந்தக் காகிதத்தை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். பிறகு மடிப்பின் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். மடிப்பு அதைக் கைப்பேசியில் தட்டிக் கமாக்காவிடம் நீட்டினாள்.

'வேலைக்கு எப்போது வர வேண்டும் என்று கேட்கிறார்.'